அனுமதியும் உரிமையும்: பிரித்தானியத் தனியார் மலைநிலங்களில் நடந்துசெல்வோர் பற்றிய விதிகளின் வரலாறு

தனியாருக்குச் சொந்தமான ஒரு மலையின் அடிவாரத்திலே நாட்டப்பட்டிருக்கும் அறிவிப்புப் பலகை, சமூக வரலாற்று மாணவர் புறக்கணிக்கத்தகாத ஓர் ஆவணமாகும். பாதையை விட்டு விலகலாகாது, நாய்களைக் கொண்டு வரலாகாது, வேட்டைப் பருவத்தில் மேலே செல்லலாகாது என்பன போன்ற விதிகள், மேலோட்டமாக நோக்குவோர்க்கு வெறும் நிருவாக ஒழுங்குகளாகவே தோன்றும். ஆயின், அவ்விதிகளை எழுதியவர் யார், எந்த அதிகாரத்தின் பேரில் எழுதினார், அவற்றை மீறியோர்க்கு நேர்ந்தது யாது என்னும் வினாக்களை எழுப்புவோமாயின், அப்பலகையின் பின்னே நிலவுடைமையின் நீண்ட வரலாறொன்று விரிவதைக் காணலாம்.

'செல்லலாம்' என்ற ஒரு சொல்லையே இருவகையாகக் கூறமுடியும். உடைமையாளர் தம் பெருந்தன்மையினாற் கூறும்போது அது அனுமதி; இன்று தந்ததை நாளை அவர் மீளப் பெறலாம், காரணங் கூறவேண்டிய கடப்பாடும் அவருக்கில்லை. சட்டம் கூறும்போது அது உரிமை. அங்கே தடுப்பவரே காரணங் காட்ட வேண்டியவராகின்றார். முன்னதிலிருந்து பின்னதற்கு வந்துசேர ஸ்கொட்லாந்துக்கும் இங்கிலாந்துக்கும் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேற் சென்றது. அவ்வரலாற்றின் முக்கிய கட்டங்களை நோக்குவதும், அது எமது மலைநாட்டைப் பற்றி நாம் கேட்கவேண்டிய வினா ஒன்றைச் சுட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. மலை உடைமையான முறை

ஸ்கொட்லாந்தின் உயர்நிலப் பகுதியிலே மலை எக்காலத்தும் ஆளற்ற வெளியாக இருந்ததில்லை. பள்ளத்தாக்குகளிற் பயிர்செய்த மக்கள் கோடை காலத்தில் மாடுகளை மேட்டுநிலப் புல்வெளிகளுக்குச் சாய்த்துச் சென்று அங்கேயே தங்கி வாழ்ந்தனர். குலத்தலைவருக்கும் குலத்தாருக்குமிடையே நிலவிய பழைய உறவு 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிற் சிதைந்து, குலத்தலைவர் வாரம் வாங்கும் நிலப்பிரபுவாக மாறியபோது, மக்களைவிட ஆடுகளே கூடிய வருமானந் தருவன என்பது தெளிவாயிற்று. 'வெளியேற்றங்கள்' என வரலாற்றில் அறியப்படும் நிகழ்ச்சிகள் இதன் விளைவுகளாகும். 1814இல் சதர்லாந்திலுள்ள ஸ்ட்ராத்நேவர் பள்ளத்தாக்கிலே குடிகள் எழுப்பப்பட்டபோது வீடுகள் தீக்கிரையாயின. அவ்வெளியேற்றத்தை நடாத்திய முகவர் பற்றிக் செல்லர் 1816இல் நீதிமன்றில் நிறுத்தப்பட்டு விடுதலை செய்யப்பட்டார். மக்கள் கடற்கரைகளுக்கும் கனடாவுக்கும் பிற நாடுகளுக்கும் சென்றனர்.

ஆட்டுப் பண்ணைகளின் இலாபம் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிற் குன்றவே, அதே மலைகள் பணக்காரரின் வேட்டைநிலங்களாயின. விக்டோரியா அரசியின் கணவர் அல்பேர்ட் 1852இல் பால்மோரல் நிலத்தை விலைக்கு வாங்கியமை, மலையில் மான் வேட்டையாடுவதை உயர்குடியினரின் நாகரிகமாக்கியது. இரயில் பாதை அவ்வேட்டை மலைகளை இலண்டனுக்கு அண்மைப்படுத்தியது. 1912ஆம் ஆண்டளவில் 'மான் காடுகள்' எனப்பட்ட நிலம் ஏறக்குறைய 35 இலட்சம் ஏக்கராக விரிந்திருந்தது. காடு என்பது பெயரளவிலேயே. பெரும்பகுதி மரமற்ற வெற்றுமலை.

இங்கிலாந்திலும் நிகழ்ந்தது இதனையொத்ததே. அங்கே பொதுநிலங்கள் பாராளுமன்றச் சட்டங்களின் மூலம் அடைக்கப்பட்டன. மன்செஸ்டருக்கும் ஷெபீல்டுக்கும் இடைப்பட்ட மேட்டுநிலங்கள் 'கிறவுஸ்' எனும் காட்டுப் பறவையைச் சுடுவதற்கென ஒதுக்கப்பட்டன. ஆண்டிற் சில நாட்களே நடைபெறும் வேட்டைக்காக, ஆண்டு முழுவதும் வேட்டைக்காவலர் அந்நிலங்களைக் காத்து நின்றனர்.

வழிப்போக்கருக்குரிய விதிகள் இச்சூழலிலேயே பிறந்தன. மக்கள் வாழ்ந்த காலத்தில் மலையிலே நடப்பதற்கு எவரும் எவரையும் கேட்டதில்லை. மக்கள் அகற்றப்பட்ட பின்னரே 'வருகையாளர்' என்ற ஒருவர் தோன்றுகின்றார்.

2. பாதைக்கான வழக்குகள்

முதலில் எழுந்த பூசல் தனிப் பாதைகள் பற்றியதாகும். 1847ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் எடின்பரோப் பல்கலைக்கழகத் தாவரவியற் பேராசிரியர் ஜோன் ஹற்றன் பல்வர் தம் மாணவருடன் கிளென் ரில்ட் பள்ளத்தாக்கினூடே வந்தபோது, அந்நிலத்தின் உடைமையாளரான ஆதொல் கோமகன் அவர்களைத் தடுத்தார். அறிவைத் தேடிச் சென்ற பல்கலைக்கழகக் குழுவொன்றைக் கோமகன் ஒருவர் வழிமறித்த இந்நிகழ்ச்சி பரவலாகப் பேசப்பட்டது. எடின்பரோவில் 1845இல் வழியுரிமைகளைக் காப்பதற்கெனத் தோன்றியிருந்த சங்கத்தினர் இதனை நீதிமன்றுக்குக் கொண்டு சென்றனர். பொதுவழியைக் காக்கும்பொருட்டு வழக்காடுவதற்குப் பொதுமக்களுக்குத் தகுதியுண்டு என்பது 1852இல் பிரபுக்கள் சபையிலும் நிலைநாட்டப்பட்டது.

இரண்டாவது வழக்கு கிளென் டோல் பற்றியது. அவுஸ்திரேலியாவிற் பொருளீட்டித் திரும்பிய டங்கன் மக்பேர்சன் என்பவர் அந்நிலத்தை வாங்கியபின், பிறேமாரிலிருந்து கிளோவாப் பள்ளத்தாக்குக்குச் செல்லும் மலைப்பாதையை மூட முற்பட்டார். ஸ்கொட்லாந்து வழியுரிமைச் சங்கம் 1885இல் அங்கு வழிகாட்டிப் பலகைகளை நாட்ட முயன்றபோது மோதல் ஏற்பட்டது. 1887இல் எடின்பரோ நீதிமன்றமும் 1888இல் பிரபுக்கள் சபையும் பாதை பொதுமக்களுக்கு உரியதே எனத் தீர்ப்பளித்தன.

இத்தீர்ப்பைப் பெற்றுத் தந்த சான்று எது என்பது எமது கவனத்துக்குரியது. அக்காலச் சட்டப்படி, 40 ஆண்டுகள் இடையறாது பொதுமக்கள் பயன்படுத்திய வழி என்பது நிறுவப்படல் வேண்டும். அதனை நிறுவியோர் அவ்வழியே சந்தைக்கு மந்தைகளைச் சாய்த்துச் சென்ற எளிய மனிதர். நிலவுடைமை பத்திரத்திலே எழுதப்பட்டிருந்தது. வழியுரிமையோ மனிதரின் கால்களிலும் நினைவிலும் இருந்தது. நீதிமன்று இரண்டாவதையும் சான்றாக ஏற்றது என்பதே இவ்வழக்கின் சிறப்பாகும்.

எனினும் இவ்வெற்றியின் எல்லையும் தெளிவானது. வென்றெடுக்கப்பட்டது ஒரு கோடு மட்டுமே. கோட்டின் இருமருங்கும் இருந்த மலை முழுவதும் முன்போலவே உடைமையாளரின் விருப்பத்துக்குட்பட்டிருந்தது. மேலும், ஒரு பாதையைக் காப்பதற்குப் பிரபுக்கள் சபைவரை செல்லவேண்டியிருந்தமையால் வழியுரிமைச் சங்கம் பெருங் கடனுக்குள்ளாயிற்று. பாதை பாதையாக வழக்காடி ஒரு நாட்டின் மலைகளைத் திறந்துவிட முடியாது என்பது இதனாற் புலனாயிற்று.

3. பிறைஸ் கொண்டுவந்த மசோதா

இவ்விடத்திலேயே ஜேம்ஸ் பிறைஸின் பெயர் முக்கியத்துவம் பெறுகின்றது. வரலாற்றாசிரியரும் சட்டப் பேராசிரியரும் லிபரல் கட்சிப் பாராளுமன்ற உறுப்பினருமான இவர், 1884இல் மலைகளுக்குச் செல்லும் உரிமை பற்றிய மசோதா ஒன்றை ஸ்கொட்லாந்துக்கெனக் கொண்டுவந்தார். பயிரிடப்படாத மலையிலும் மேட்டுநிலத்திலும் பொழுதுபோக்குக்காகவோ அறிவியல், கலை ஆகியவற்றின் பொருட்டோ நடந்து செல்லும் எவரையும் தடுக்கும் உரிமை உடைமையாளர்க்கு இல்லை என்பது அதன் சாரம். பாதை என்ற கோட்டிலிருந்து மலை என்ற பரப்புக்கு வாதம் நகர்ந்தமை இதன் புதுமையாகும்.

மசோதா எழுந்த காலத்தையும் நோக்குதல் வேண்டும். உயர்நிலக் குடியானவரின் நிலைமையை ஆராய்ந்த நேப்பியர் ஆணைக்குழு அதே 1884இல் தன் அறிக்கையை வெளியிட்டது. அதன்பின் 1886இற் பிறந்த சட்டம் சிறுகுடியானவர்க்குக் குடியிருப்புப் பாதுகாப்பை அளித்தது. அதே ஆண்டுகளில், அமெரிக்கச் செல்வந்தரான வினன்ஸ் இரண்டு இலட்சம் ஏக்கருக்கு மேற்பட்ட வேட்டைநிலத்தைக் குத்தகைக்கு எடுத்திருந்தார். வேலியற்ற அந்நிலத்துக்குள் கின்ரெயில் பகுதியைச் சேர்ந்த மேர்டோ மக்றே என்ற ஏழையின் வளர்ப்பு ஆட்டுக்குட்டியொன்று புகுந்ததற்காக அவர் வழக்குத் தொடுத்தார். 1885இல் மேன்முறையீட்டிலே அவ்வழக்குத் தள்ளப்பட்டது. குடியிருக்கும் உரிமையும் நடக்கும் உரிமையும் ஒரே நிலவுடைமையை எதிர்த்தே எழுந்தன என்பதற்கு இந்நிகழ்ச்சிகள் போதிய சான்றாகும்.

ஆயினும் இரண்டும் ஒரே விதியைப் பெறவில்லை. குடியானவரின் கிளர்ச்சி அரசைப் பணியவைத்தது. நடப்போர்க்கோ அத்தகைய அமைப்புப் பலம் அன்று இருக்கவில்லை. மலையேறுவோர் பெரும்பாலும் பேராசிரியரும் வழக்கறிஞருமாகவே இருந்தனர். நில உடைமையாளர் நிறைந்த பாராளுமன்றத்தில் அவர்களது நியாயம் கேட்கப்பட்டது, நிறைவேற்றப்படவில்லை. மசோதா பலமுறை கொண்டுவரப்பட்டும் தோல்வியே கண்டது. 1922இல் பிறைஸ் இறந்தபோதும் அது சட்டமாகியிருக்கவில்லை.

4. தொழிலாளர் மலையேறியபோது

நிலைமையை மாற்றியது கைத்தொழில் நகரங்களின் தொழிலாளர் வர்க்கமாகும். 1896ஆம் ஆண்டு செப்டெம்பரில் போல்ரன் நகரத்து மக்கள் ஆயிரக்கணக்கில் திரண்டு, மூடப்பட்ட வின்ரர் ஹில் பாதை வழியே நடந்தனர். 1900இல் ஷெபீல்டிலே சோசலிச இயக்கச் சார்புடைய 'கிளாரியன்' நடையர் கழகம் தோன்றியது. ஞாயிற்றுக்கிழமை ஒன்றே ஓய்வுநாளாக உடைய ஆலைத் தொழிலாளிக்குப் புகைமண்டிய நகரத்தினின்றும் விடுபட அண்மையில் இருந்த ஒரே வெளி அம்மேட்டுநிலந்தான். அதுவோ பறவைகளுக்கென மூடப்பட்டிருந்தது.

'அத்துமீறுவோர்மீது வழக்குத் தொடரப்படும்' என்று அங்கு நாட்டப்பட்டிருந்த பலகைகள் சட்டப்படி உண்மையற்றவை. ஆங்கிலச் சட்டத்தில் வெறுமனே அத்துமீறிப் பிரவேசித்தல் குடியியல் தவறேயன்றிக் குற்றமன்று. 'மரத்தாலான பொய்கள்' என அவற்றை நடையர் எள்ளிநகையாடினர். எனினும் அப்பொய்கள் பயன்தந்தன. சட்டம் அறியாதவரை அச்சுறுத்த ஒரு பலகையும் ஒரு காவலாளியும் போதும்.

1932ஆம் ஆண்டு ஏப்ரல் 24ஆந் திகதி ஹேபீல்ட் கிராமத்திலிருந்து ஏறக்குறைய 400 பேர் கிண்டர் ஸ்கௌட் மேட்டுநிலத்தின்மீது ஏறினர். பிரித்தானியத் தொழிலாளர் விளையாட்டுச் சம்மேளனம் ஒழுங்குசெய்த இவ்வணிக்கு, 20 வயதினரும் இளங் கொம்யூனிஸ்டுமான பெனி றொத்மன் தலைமை தாங்கினார். வேட்டைக்காவலருடன் கைகலப்பு நேர்ந்தது. காவலர் ஒருவர் காயமுற்றார். ஆறு பேர் கைதுசெய்யப்பட்டனர். ஐவர்க்கு டார்பி நீதிமன்றிலே இரண்டு முதல் ஆறு மாதம் வரையிலான சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. றொத்மனுக்கு நான்கு மாதம். அத்துமீறல் குற்றமன்றாகையால், கலகம் விளைவிக்கும் வகையிற் கூடியமை முதலிய குற்றச்சாட்டுகளே கொண்டுவரப்பட்டன.

பழைய நடையர் சம்மேளனங்கள் இப்போராட்டத்தை ஆதரிக்கவில்லை என்பதையும் மறைத்தல் தகாது. உடைமையாளருடன் பொறுமையாகப் பேசி வழி தேடுவதே அவர்களது நெறியாயிருந்தது. இளைஞரின் செயல் அந்நல்லெண்ணத்தைக் கெடுத்துவிடும் என அஞ்சினர். அவர்களது அச்சத்தை நாம் எளிதாகத் தள்ளிவிடலாகாது. ஆயினும் அவர்கள் காத்துநின்றது அனுமதியை. இளைஞர் கோரியது உரிமையை. சிறைத்தண்டனை பொதுமக்களின் மனத்தை எவ்வாறு திருப்பியது என்பதற்கு, சில கிழமைகளின் பின் வினற்ஸ் கணவாயில் நடைபெற்ற கூட்டத்திற்கு வந்த ஏறக்குறைய 10,000 பேரே சான்று.

5. சட்டமும் அதன் விதிகளும்

1939இல் மலைகளுக்குச் செல்லும் உரிமை பற்றிய சட்டம் ஒன்று நிறைவேறியது. பெயர் பிறைஸ் தந்தது, உள்ளடக்கமோ மாறிவிட்டது. உடைமையாளரின் அழுத்தத்தால் அது உருமாற்றப்பட்டு, சில சூழல்களில் அத்துமீறலைக் குற்றமாக்கும் விதியையே தன்னகத்துக் கொண்டிருந்தது. உரிமை கோரிய மசோதா தண்டனைச் சட்டமாக வெளிவந்த இம்முரண், சட்டவாக்கத்தில் வர்க்க நலன் செயற்படும் முறைக்கு நல்ல எடுத்துக்காட்டாகும். போருக்குப் பின் தொழிற்கட்சி அரசு இயற்றிய 1949ஆம் ஆண்டுச் சட்டம் இதனை நீக்கித் தேசியப் பூங்காக்களுக்கு வழிவகுத்தது. அவற்றுள் முதலாவதான பீக் மாவட்டப் பூங்கா 1951இல் அமைந்தது. கிண்டர் அதனுள் அடங்கியது. எனினும் பூங்காவினுள்ளும் நிலம் தனியாருடையதே. நடக்கும் வசதி உடைமையாளருடன் செய்யப்பட்ட உடன்படிக்கைகளிலேயே தங்கியிருந்தது.

2000ஆம் ஆண்டுச் சட்டமே இங்கிலாந்திலும் வேல்சிலும் உடன்படிக்கைக்குப் பதிலாக உரிமையை வைத்தது. மலை, மேட்டுநிலம், புதர்நிலம், தாழ்குன்றம், பொதுநிலம் எனப் படத்திற் குறிக்கப்பட்ட பகுதிகளிற் கால்நடையாகச் செல்லும் உரிமையை அது வழங்கியது. அவ்வுரிமை 2004, 2005 ஆகிய ஆண்டுகளிற் பகுதி பகுதியாக நடைமுறைக்கு வந்தது. இங்கிலாந்தின் நிலப்பரப்பில் ஏறக்குறைய 8 வீதமே இதில் அடங்கும். உடைமையாளர் ஆண்டிற்கு 28 நாட்கள்வரை தம் விருப்பப்படி நிலத்தை மூடலாம். மார்ச் முதலாந் திகதி தொடக்கம் யூலை 31 வரை நாய்களைக் குறுகிய வாரிற் பிணித்தே கொண்டு செல்லல் வேண்டும். 2002இல், கிண்டர் நிகழ்ச்சியின் 70ஆம் ஆண்டு நினைவிலே, அன்றைய டெவன்ஷயர் கோமகன் தம் முன்னோரின் செயலுக்காகப் பகிரங்கமாக வருத்தந் தெரிவித்தார்.

ஸ்கொட்லாந்தின் 2003ஆம் ஆண்டு நிலச்சீர்திருத்தச் சட்டம் இதனினும் ஒருபடி மேற்சென்றது. 2005 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்த அது, படத்திற் குறித்த நிலம் என்ற வரையறையைக் கைவிட்டு, ஏறக்குறைய எல்லா நிலத்துக்கும் உள்நாட்டு நீர்நிலைகளுக்கும் செல்லும் உரிமையைப் பொதுவிதியாகவும், வீட்டைச் சூழ்ந்த வளவு, பயிர் நிற்கும் வயல் முதலியவற்றை விலக்காகவும் கொண்டது. வேட்டையாடுதலும் இயந்திர வாகனமோட்டுதலும் அவ்வுரிமையில் அடங்கா. உரிமை பொறுப்புடன் பயன்படுத்தப்பட வேண்டும் என்பது நிபந்தனை. நிலத்தைப் பொறுப்புடன் நிருவகிப்பது உடைமையாளரின் கடமை. மான் வேட்டை நடைபெறும் நாளில் வேறு வழியாற் செல்லுமாறு அவர் கேட்கலாம். காரணமின்றி மலையை மூடிவிட முடியாது.

ஈன்ற ஆடுகளை நாய்கள் கலைத்தலும், எவரோ மூட்டிய நெருப்பு மலையெங்கும் பரவுதலும் உண்மையான தீங்குகள். அவற்றைத் தடுக்கும் விதி எச்சமூகத்துக்கும் தேவை. ஆகவே உரிமை வந்தவுடன் விதிகள் மறைவதில்லை. விதிகளின் தன்மையே மாறுகின்றது. உடைமையாளரின் விருப்பத்தை உணர்த்திய பலகை, இருசாராரையும் பிணிக்கும் ஒழுக்கக்கோவையாக மாறுகின்றது. அவ்வுரிமை நிலையானது என்று எண்ணி வாளாவிருக்கவும் முடியாது. தென் இங்கிலாந்தின் டார்ட்மூரில் 1985ஆம் ஆண்டுச் சட்டம் தந்த உரிமை இரவிற் கூடாரமிட்டுத் தங்குவதையும் உள்ளடக்குமா என உடைமையாளர் எழுப்பிய வழக்கில், உள்ளடக்கும் என்ற இறுதித் தீர்ப்பு 2025 மே மாதத்திலேயே உச்ச நீதிமன்றிலிருந்து கிடைத்தது.

2003ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிற பகுதிகளும் எமது நோக்குக்கு இன்றியமையாதவை. நடக்கும் உரிமையைத் தந்த அதே சட்டம், கிராமியச் சமுதாயங்கள் தாம் வாழும் நிலத்தை வாங்குவதற்கான உரிமையையும் வகுத்தது. 1993இல் அசின்ற் பகுதிக் குடியானவரும் 1997இல் எயிக் தீவு மக்களும் தாம் வாழ்ந்த நிலத்தை வாங்கியமை இதற்கு முன்னோடியாகும். 1884இற் பிரிந்துபோன இரு கோரிக்கைகளும் இவ்வாறு ஒரே ஏட்டில் மீண்டும் சந்தித்தன.

6. எமது மலைநாட்டை நோக்கி

உயர்நில மக்கள் வெளியேற்றப்பட்ட அதே நூற்றாண்டிலேதான் இலங்கையின் மலைகளும் உடைமையாக்கப்பட்டன. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க முடிக்குரிய காணிகள் பற்றிய கட்டளைச் சட்டம், பத்திரமற்ற காட்டையும் சேனை நிலத்தையும் அரசின் சொத்தெனக் கொண்டு பெருந்தோட்டக்காரருக்கு விற்க வழிசெய்தது. வாங்கியோருள் ஸ்கொட்லாந்தினர் பலர். லூல்கந்துறையில் 1867இல் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் ரெயிலரும் அந்நாட்டவரே. பால்மோரல், ஹோலிறூட், டன்சினேன், எடின்பரோ என்று இன்றும் எமது தோட்டங்கள் தாங்கிநிற்கும் பெயர்கள் இவ்வுறவை மறக்கவிடா. அங்கே 'எஸ்டேட்' என்பது மக்களை அகற்றிய நிலம். இங்கே அது மக்களைக் கொண்டுவந்து அடைத்த நிலம். இரண்டிலும் உள்ளே வருவோரைத் தீர்மானித்தவர் உடைமையாளரே.

தோட்டத்துப் பாதை தனியார் பாதையாகக் கொள்ளப்பட்டது. லயனுக்கு வரும் விருந்தினரும் துரையின் இசைவுக்குட்பட்டவர். தொழிலாளரின் நிலையை நேரிற் காண விரும்பிய கோ. நடேசய்யர் புடைவை வியாபாரியாக வேடமிட்டுத் தோட்டங்களுக்குள் நுழைந்தார் என்பது மலையக வரலாற்றில் நன்கறியப்பட்ட செய்தி. கிண்டர் மேட்டுநிலத்தில் அத்துமீறியோர் திறந்த வெளியை நாடினர். நடேசய்யர் அத்துமீறியது மனிதரைக் காண்பதற்காக. தொழிற்சங்கப் பிரதிநிதிகள் தோட்டங்களுக்குள் பிரவேசிப்பதற்கெனத் தனிச்சட்டமே தேவைப்பட்டது. 1970ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கச் சட்டம் அதுவாகும். தனது சங்கத்தின் பிரதிநிதியைத் தன் வாசலிற் சந்திக்கும் உரிமைக்காக ஒரு தொழிலாளி சுதந்திரத்தின் பின்னும் 22 ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது.

1972, 1975 ஆகிய ஆண்டுகளின் நிலச்சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையாயின; 1992இல் அவற்றின் நிருவாகம் கம்பனிகளிடம் மீண்டும் ஒப்படைக்கப்பட்டது. இன்று ஹந்தானையிலிருந்து நுவரெலியா வரை, 300 கிலோமீற்றருக்கு மேற்பட்ட 'பீக்கோ' நடைபாதை, 22 கட்டங்களாகத் தேயிலை மலைகளினூடே வகுக்கப்பட்டுள்ளது. கொழுந்து சுமந்த கால்கள் தேய்த்த வழிகளில் உல்லாசப் பயணிகள் நடக்கின்றனர். அவர்களை வரவேற்பதில் எமக்கு மறுப்பில்லை. மலை எவர்க்கும் மூடப்படலாகாது என்பதே இக்கட்டுரை முழுவதும் நாம் கூறிவந்தது.

ஆனால் கிளென் டோல் வழக்கிலே, ஒரு வழியை நெடுங்காலம் நடந்து உருவாக்கியவரின் கால்கள் சட்டத்தின் முன் சான்றாயின. எமது மலைகளில் ஐந்தாறு தலைமுறையாக நடந்தோரின் கால்கள் எதற்குச் சான்று? வந்து செல்பவர்க்குப் பாதை திறக்கப்பட்டுள்ள அதே மலையில், வாழ்பவர் பலர்க்குத் தம் லயன் அறை நின்ற நிலத்துக்கும் உறுதி இல்லை. நடக்கும் உரிமையும் நிலவுரிமையும் ஒன்றையொன்று விட்டுப் பிரிந்தால் இரண்டும் குறைபடும் என்பதை ஸ்கொட்லாந்து கற்றுக்கொள்ள 119 ஆண்டுகள் சென்றன. மலையக மக்கள் இன்றுவரை பெற்றவற்றுள் அனுமதி எவ்வளவு, உரிமை எவ்வளவு என்று பகுத்துக் காண்பதே எமது ஆய்வாளர் இனி மேற்கொள்ளவேண்டிய பணியாகும்.